பத்து நிமிஷ வேலைதான் என்றார்கள்: ஹார்ட் டிஸ்க் மாட்டிய கதைகள்

போன மாதம் என் டெஸ்க்டாப்பில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கூடுதலாக மாட்டினேன். பழைய 1 டிபி டிஸ்க்கில் சிவப்புக் கோடு காட்டத் தொடங்கி ஆறு மாதம் ஆகிவிட்டது. தம்பி கல்யாண வீடியோ, அப்பா ஸ்கேன் செய்து வைத்த பத்திரங்கள், பிள்ளைகள் படம் என்று எதையும் அழிக்க மனசு வரவில்லை. "பத்து நிமிஷ வேலை சார், நீங்களே மாட்டிக்கலாம்" என்றார் கடைக்காரர். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது இரண்டு பல்லி முட்டைகள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) டிஸ்க் கூண்டுக்கும் நடுவில், கதகதப்பான மூலையாகப் பார்த்து ஒட்டி வைத்திருந்தது. ஒன்று பொரிந்து ஓடு மட்டும் மிச்சம். பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டவே அரை மணி நேரம்.

கரண்ட் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சம் மீதியையும் வடியவிட்டுத்தான் உள்ளே கை வைத்தேன். பழைய டிஸ்க்குக்கு மேலே ஓர் இடம் காலி. புதியதைத் தள்ளினால் முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. கிராபிக்ஸ் கார்டின் வால் இடிக்கிறது. கார்டைக் கழற்றி, டிஸ்க்கை உட்கார வைத்து, ஸ்குரூ தேடினால் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. வெறும் டிஸ்க் மட்டும் ஆன்டி-ஸ்டேடிக் கவரில் வந்திருக்கிறது. ஸ்குரூவும், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளும் தனியாக வாங்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேபிள் ஒன்று மதர்போர்டு பெட்டியில் கிடந்ததால் தப்பித்தேன்.

டிவிடி டிரைவில் இருந்த நான்கு ஸ்குரூவைக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கிறது, ஆனால் பிடிக்காமல் வழுக்குகிறது. மூன்றரை அங்குல டிஸ்க்குக்குக் கொஞ்சம் தடித்த, மரை அகலமான ஸ்குரூ வேண்டுமாம். டிவிடி டிரைவுக்கும் இரண்டரை அங்குல எஸ்எஸ்டிக்கும் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கிற ரகம்) மெல்லிய மரை. கடைசியில் பழைய டிஸ்க்கின் நான்கில் இரண்டை உருவி, ஆளுக்கு இரண்டு என்று பங்கு பிரித்தேன். அன்று முதல் கேபினட் மெல்ல முனகிக்கொண்டே இருக்கிறது.

சாட்டாவில் கேபிள் மாட்டுவது சுலபம். டேட்டாவுக்குக் குட்டி வாய், பவருக்கு அகல வாய், இரண்டுக்குள்ளும் 'எல்' வடிவத் தடுப்பு இருப்பதால் திருப்பிப் போட முடியாது. முடியாது என்றால், பலமாக அழுத்தினால் அந்த பிளாஸ்டிக் நாக்கு உடையும் என்று பொருள்.

எல்லாம் முடித்து ஆன் செய்தால் 'திஸ் பிசி'யில் டிஸ்க்கையே காணோம். கேபினட்டில் கை வைத்தால் சுழல்வது விரலுக்குத் தெரிகிறது. கடைக்காரருக்குப் போன் போட்டேன். "டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் இனிஷியலைஸ் பண்ணீங்களா சார்?" பண்ணவில்லை. போனால், டிஸ்க்கைப் பகுதி பிரித்துக் கணக்கு வைக்கும் முறை எம்பிஆரா, ஜிபிடியா என்று கேட்டது. பழைய டிஸ்க் எம்பிஆர்தானே என்று அதையே தட்டிவிட்டேன். 2048 ஜிபிக்கு ஒரு பகுதி அமைந்தது. பக்கத்தில் 1678 ஜிபி கறுப்புப் பட்டையோடு சும்மா கிடக்கிறது. ரைட் கிளிக் செய்தால் எல்லாமே மங்கிப் போயிருக்கிறது. எம்பிஆர் என்பது 512 பைட் கட்டங்களுக்கு 32 பிட்டில் எண் போடுகிற பழைய கணக்கு. 2 டிபியோடு எண் தீர்ந்துவிடும், அதற்கு மேல் இருக்கிற இடம் அதன் கண்ணில் படாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்குள் 300 ஜிபி காப்பி ஆகியிருந்தது. நல்லவேளை, மூலம் பழைய டிஸ்க்கிலேயே இருந்தது. பகுதியை அழித்து, ஜிபிடிக்கு மாற்றி, மறுபடி காப்பி போட்டு முடிக்கும்போது ராத்திரி பதினொன்றரை.

கடைசியில் விண்டோஸ் காட்டியது 3.63 டிபி. "நாலுக்குத்தானே காசு குடுத்தீங்க?" என்று மனைவி கேட்டாள். தயாரிக்கிறவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது என்று விளக்கினேன். கடைக்காரர் எடையில் ஏமாற்றிவிட்டார் என்றுதான் இன்றைக்கும் அவள் நினைக்கிறாள்.

*

உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் போயிருக்கிறது சார். எனக்கு ஒரு எஸ்எஸ்டி போனது.

மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருந்தேன். அதாவது, கேபிள்களைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். அது பழுதானதும் வேறு கம்பெனியின் மாடுலர் ஒன்றை வாங்கினேன். பழைய சாட்டா பவர் கேபிள் கேபினட்டுக்குப் பின்பக்கமாக அழகாகக் கட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை ஏன் அவிழ்ப்பானேன் என்று எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையை மட்டும் புதியதில் சொருகினேன். ஆறு பின், அதே வடிவம், 'டக்' என்று உட்கார்ந்தது. புது ஹார்ட் டிஸ்க்கையும் அதே கேபிளில் கோர்த்துவிட்டு பட்டனை அழுத்தினேன். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது. ஈர மண்ணில் பட்டாசு புகைந்தது போல ஒரு வாசனை.

டிஸ்க் பக்கத்து முனைக்குத்தான் பொது அளவு உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் என்ன வோல்ட் என்பது அந்தந்தக் கம்பெனியின் விருப்பம், ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய ஒயரில் 12 போயிருக்கிறது.

மொபைல் சர்வீஸ் வைத்திருக்கும் நண்பன் ஒருவனிடம் டிஸ்க்கைக் கொண்டுபோனேன். கீழே இருக்கும் பச்சைப் பலகையைக் கழற்றி, பவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்த கறுப்பான ஒரு பொடிப் பொருளில் மல்டிமீட்டரை வைத்தான். 'பீப்' என்றது. "இது டிவிஎஸ் டயோடுடா. வோல்ட் ஏறினா இது ஷார்ட் ஆகி மத்ததைக் காப்பாத்தும். இது செத்துடுச்சு, அதான் எஸ்எம்பிஎஸ் கிளம்ப மாட்டேங்குது" என்றான். ஹாட் ஏர் காட்டி, நெற்றிப் பொட்டை எடுப்பது போல அதை எடுத்துப் போட்டான். சரியான கேபிளில் மாட்டினோம், டிஸ்க் சுழன்றது! ஆனால் காவல்காரன் இல்லாத வீடு மாதிரிதான் அது, அடுத்த முறை வோல்ட் ஏறினால் பலகையே போய்விடும். அதனால் டேட்டாவை எடுத்துவிட்டு ஓய்வு கொடுத்துவிட்டேன். அதே கேபிளில் இருந்த எஸ்எஸ்டி என்ன செய்தும் எழுந்திருக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு கேபிளிலும் எந்த எஸ்எம்பிஎஸ்ஸுடையது என்று மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.

*

நான் மூன்று சாட்டா கேபிள் மாற்றினேன், டிஸ்க்கையும் கடையில் கொடுத்து மாற்றினேன், அப்போதும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வருகிற மதர்போர்டின் அமைப்புத் திரை) தெரியவில்லை. மதர்போர்டு கையேட்டின் அடிக்குறிப்பில் போட்டிருந்தது: எம்.2 இடத்தில் (மதர்போர்டிலேயே எஸ்எஸ்டியைச் சொருகும் வாய்) எஸ்எஸ்டி போட்டால் ஐந்தாவது, ஆறாவது சாட்டா வாய்கள் வேலை செய்யாது. இரண்டாவதில் சொருகினேன். தெரிந்தது. கடைக்காரர் முகத்தில் விழிக்கத்தான் கூச்சமாக இருக்கிறது.

*

நீங்கள் எல்லாம் சாட்டா காலத்துப் பிள்ளைகள். அதற்கு முந்தைய ஐடிஇ-யில் 40 பின், கையகல ரிப்பன் கேபிள், ஓரத்தில் சிவப்புக் கோடு. ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் என்றால் ஒன்றை மாஸ்டர், இன்னொன்றை ஸ்லேவ் என்று பின்னால் ஜம்பர் வைத்துச் சொல்ல வேண்டும். அரிசியை விடக் கொஞ்சம் பெரிய அந்த ஜம்பர் கைதவறி மதர்போர்டில் விழுந்தால் வீட்டில் எல்லோரும் டார்ச்சோடு வருவோம். நாலு பின் பவர் கனெக்டரைப் பிடுங்கும்போது இழுத்த வேகத்தில் கை கேபினட் தகட்டில் மோதும். அந்தக் காலத்துத் தகட்டு விளிம்பு அரிவாள்மனைதான். என் வலது கைக் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

இன்னொன்று. 2011 கடைசியில் ஒரு டிஸ்க் வாங்கலாம் என்று ரிச்சி தெருவுக்குப் போனேன். முந்தின மாதம் கேட்ட விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருந்தது. கடைக்காரர் "தாய்லாந்துல வெள்ளம் சார்" என்றார். ஏமாற்றுகிறார் என்று நான்கு கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் அதையே சொன்னார்கள். மறுநாள் பேப்பரில் பார்த்தால், ஹார்ட் டிஸ்க் செய்கிற பெரிய தொழிற்சாலைகள் நிஜமாகவே தண்ணீருக்குள் நிற்கின்றன. வாங்காமல் திரும்பியவன் 40 ஜிபியோடு இன்னும் இரண்டு வருஷம் ஓட்டினேன்.

*

யூஎஸ்பி எக்ஸ்டெர்னல் டிஸ்க்கின் கூட்டை உடைத்து உள்ளே இருப்பதை டெஸ்க்டாப்பில் மாட்டுகிறவர்கள் கவனிக்க. எனக்கு அது சுழலவே இல்லை. செத்த டிஸ்க் என்று நினைத்தேன். யூஎஸ்பி பலகையில் திரும்ப வைத்தால் ஓடுகிறது. விஷயம் பவர் வாயின் மூன்றாவது பின்னில் இருந்திருக்கிறது. முன்பு 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கியிருந்த அந்தப் பின்னை, புதிய விதிப்படி டிஸ்க்கைத் தூங்க வைக்கும் சுவிட்சாக மாற்றிவிட்டார்கள். பழைய எஸ்எம்பிஎஸ் அதில் 3.3 அனுப்பிக்கொண்டே இருக்கும், டிஸ்க்கும் தூங்கிக்கொண்டே இருக்கும். மஞ்சள் நிற கேப்டான் டேப்பை (சூடு தாங்குகிற, கரண்ட் கடத்தாத டேப்) நூல் போல வெட்டி அந்தப் பின்மேல் ஒட்டினேன். மூன்று தடவை கோணலாகப் போனது, நான்காவதில் ஓடியது.

நாலு பின் கனெக்டரிலிருந்து சாட்டாவாக மாற்றும் ஒயரை வைத்தாலும் 3.3 போகாது. ஆனால் ஒயரோடு சேர்த்து ஒரே கட்டியாக வார்த்த மலிவு ரகம் உருகித் தீப்பிடித்த படங்களைப் பார்த்ததிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை.

*

தொடங்கியவன்தான் எழுதுகிறேன். மாடுலர் கதையைப் படித்ததும் எழுந்துபோய்க் கேபினட்டைத் திறந்து பார்த்தேன். என்னுடையது எல்லா ஒயரும் உள்ளிருந்தே வருகிற சாதா ரகம், தப்பித்தேன். தடித்த மரை ஸ்குரூ பத்து வாங்கி எட்டைப் போட்டாயிற்று, முனகல் நின்றுவிட்டது.

பல்லி முட்டையை என்ன செய்தேன் என்று தனியாக இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எடுக்கவில்லை. இப்போது திறந்தபோது இரண்டாவதும் வெறும் ஓடாக இருந்தது.