புதுப்பிப்பு: டவர் ஸ்பீக்கரின் பேஸ் குமுறல் அடங்கிவிட்டது

புதிதாக வாங்கிய டவர் ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) எழுப்பும் தாழ்ந்த பேஸ் ஒலி மட்டும் குடத்துக்குள் அடித்ததுபோலக் குமுறுகிறது, ஆம்ப்ளிஃபயரை மாற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மாற்ற வேண்டியிருக்கவில்லை. குற்றம் அறையில்தான்.

ஹால் நீளம் 4.9 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போவதால், அந்த நீளத்தில் 35 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 70 ஹெர்ட்ஸும் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, அடங்காமல் நிலை அலையாகத் தங்கிவிடும். சுவரோரம்தான் ஒலி அழுத்தம் மிக அதிகம். என் சோஃபாவோ பின்சுவரை ஒட்டியே கிடந்தது! 70 ஹெர்ட்ஸுக்கு நீளத்தில் கால் பங்குத் தூரத்தில் அழுத்தம் குறைந்துவிடும் என்பதால், தலை சுவரிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி வருமாறு சோஃபாவை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்த முதல் நிமிடத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. தொப்பியில் விரல் அழுத்தி வழுக்கும் அந்தக் கும்கி தனியாக, தெளிவாகக் கேட்டது.

அப்புறம் ஸ்பீக்கர்களையும் முன்சுவரிலிருந்து 80 செ.மீ. முன்னால் நகர்த்தி, லேசாக உள்பக்கம் திருப்பினேன். பாடுபவர் குரல் சரியாக நடுவில் வந்து நின்றது. டைல்ஸ் தரை என்பதால் ஸ்பீக்கரைத் தாங்கும் ஸ்பைக் (கூர்முனைக் கால்) ஒவ்வொன்றுக்கும் அடியில் பித்தளை வட்டு வைத்திருக்கிறேன். தரையில் கீறல் விழவில்லை.

35 ஹெர்ட்ஸில் இன்னும் கொஞ்சம் கனம் மிச்சம் இருக்கிறது. அடுத்து மூலைகளுக்குப் பேஸ் ட்ராப் (தாழ்ந்த ஒலியை உறிஞ்சும் அடைப்பு) செய்து பார்க்கப் போகிறேன்.