'ஸ்ட்ரீட்கிளீனர்': நாங்கள் கேட்ட விதம்

பர்மிங்காமின் காட்ஃபிளெஷ் என்ற மெட்டல் இசைக்குழு 1989இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட்கிளீனர்' பாடல் தொகுப்பைக் கல்லூரி விடுதியில் நண்பன் பதிந்து கொடுத்த குறுந்தகட்டில்தான் முதலில் கேட்டேன். அதிவேக இசைக்குப் பெயர்பெற்ற நேபாம் டெத் குழுவின் 'ஸ்கம்' இசைத்தட்டில் முதல் பக்கம் முழுக்கக் கிட்டார் வாசித்த ஜஸ்டின் பிராட்ரிக்கின் குழு என்பதால் அதே வேகத்தை எதிர்பார்த்திருந்தேன். இதுவோ பாரவண்டி மேடேறுவது போல ஊர்ந்தது. மூன்றாவது பாடலோடு நிறுத்திவிட்டேன்.

அண்மையில் ஓர் இரவு, கிட்டாரைக் கவனிக்காமல், டிரம்ஸ் வாசிப்பவருக்குப் பதிலாகத் தாளம் தரும் டிரம் மெஷினை மட்டுமே பின்தொடர்வது என்று முடிவு செய்து மீண்டும் கேட்டேன். 'கிரைஸ்ட்பெய்ட் ரைசிங்' பாடலின் தாளம் மெட்டலிலிருந்து வந்ததே அல்ல, ஹிப்-ஹாப்பிலிருந்து வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. ஜி. சி. கிரீனின் கரகரப்பான பேஸ் கிட்டார்தான் பாடலை இழுத்துச் செல்கிறது. கிட்டார் பெரும்பாலும் அதன்மேல் உலோகத்தைக் கீறிக்கொண்டிருக்கிறது. மனிதர் வாசித்தால், குரல் உச்சத்துக்குப் போகும் இடத்தில் கை தானாகச் சற்று ஓங்கும். இங்கே பிராட்ரிக் எவ்வளவு கதறினாலும் இயந்திரம் அதே அடியை அதே கனத்தில் அடிக்கிறது. எனக்கு அச்சமூட்டியது அந்த அலட்சியம்தான். (அட்டைப்படத்தை நள்ளிரவில் பார்க்காமல் இருப்பது நல்லது.)

*

மேலே எழுதியவர் சொல்வதை நான் கைவிரல்களால் உணர்ந்திருக்கிறேன். ஃபியர் ஃபேக்டரி போன்ற குழுக்கள் இத்தொகுப்பிலிருந்து கற்றதும், ஐசிஸ் என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழு இதன் தலைப்புப் பாடலையே எடுத்து வாசித்ததும், 2011இல் நெதர்லாந்தின் ரோட்பர்ன் விழாவில் காட்ஃபிளெஷ் முழுத் தொகுப்பையும் மேடையேற்றியதும் பலருக்கும் தெரிந்தவை. இது எளிய இசை என்று நான் நம்பியிருந்ததுதான் என் கதை.

எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் வராத ஒரு மாலையில், கைபேசிச் செயலியில் தாளத்தை அமைத்து இத்தொகுப்பின் 'லைக் ராட்ஸ்' பாடலை வாசித்துப் பார்த்தோம். நான் பேஸ். இரண்டாவது நிமிடத்திலேயே செயலி தாளம் பிசகுகிறது என்று கிட்டார்காரருடன் சேர்ந்து சத்தியம் செய்தேன். பதிவை ஓட்டிக் கேட்டபோது, அடிக்கு அடி நாங்கள்தான் முந்திக்கொண்டிருந்தோம்.