ஆறில்லாத டிக்கல் நகருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கேள்வி:
குவாத்தமாலாவின் பெத்தென் காட்டிலுள்ள டிக்கல் இடிபாடுகளைக் காணச் செல்லவிருக்கிறேன். மாயர்களின் அப்பெருநகரின் அருகே ஆறு இல்லை. அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லோ பெய்யும் மழையை உள்ளிழுத்துக்கொள்ளும். அப்படியிருக்க, பல்லாயிரம் மக்கள் மாதக்கணக்கில் நீளும் வறண்ட பருவத்தை எவ்வாறு கடந்தார்கள்? அதன் தடயங்களை இன்றும் நேரில் காண இயலுமா?

மறுமொழி 1:
மழைநீரைத் தேக்கி வைத்தே வாழ்ந்தார்கள். முற்றங்களுக்குச் சுண்ணக்காரை பூசிச் சற்றே சரிவாக அமைத்திருந்ததால், நீர் தரைக்குள் இறங்காமல் நகர நடுவிலிருந்த தேக்கங்களுக்கு ஓடியது. அரண்மனைத் தேக்கத்தின் அணை ஏறத்தாழ 10 மீட்டர் உயரமும் 80 மீட்டர் நீளமும் கொண்டது. மக்கள் நடந்து செல்லும் பாதையும் அதன் மேலேயே அமைந்திருந்தது. ஆகவே கோயில்களை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நடு அக்ரோபோலிசு எனப்படும் அரண்மனைத் தொகுதியின் தென்புறத்தில் மரங்கள் அடர்ந்து கிடக்கும் பெரும்பள்ளம்தான் அந்தத் தேக்கம். பெரும்பாலோர் அதைக் கவனிக்காமலேயே கடந்துவிடுகிறார்கள்.

மறுமொழி 2:
நீரைத் தேக்கியதோடு வடிகட்டவும் செய்தார்கள் என்பதே என்னை வியக்க வைக்கிறது. கொரியெந்தால் என்னும் தேக்கத்தில் சியோலைட்டுக் கனிமமும் குவார்ட்சு மணலும் கிடைத்ததை 2020இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. சியோலைட்டு கிருமிகளையும் நச்சுப் பொருள்களையும் பிடித்துவைக்க வல்லது. அதை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கொண்டுவந்திருக்கக்கூடும் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் அரண்மனையை ஒட்டிய தேக்கங்களின் வண்டலில் பாதரசமும் நீலப்பச்சைப் பாசியின் தடயங்களும் இருந்தன. சுவர்களுக்குப் பூசிய சாதிலிங்கச் சிவப்பு, அதாவது பாதரசம் அடங்கிய கனிமச் சாயம், மழையில் கரைந்து, அந்தப் பாதரசம் நீரில் கலந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் விளக்கம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் நீர் நஞ்சானதால்தான் நகரம் கைவிடப்பட்டதா?

மறுமொழி 3:
அதை மட்டுமே காரணமாக்குவது பொருந்தாது. டிக்கலில் நாள் பொறித்து நட்ட கற்களுள் கடைசியானது 869ஆம் ஆண்டுக்குரியது. ஆனால் அந்த நூற்றாண்டில் தென் தாழ்நிலத்தின் பல மாயா நகரங்களிலும் கல் நடுவது நின்றுபோனது. அவற்றுள் ஆற்றங்கரை நகரங்களும் உண்டு. தொடர் வறட்சியும், நகரங்களுக்கிடையே ஓயாத போரும், மன்னர்மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை தளர்ந்ததும் சேர்ந்தே இயங்கின என்பது என் கருத்து. பெரும்பாலும் மழையையே நம்பியிருந்த டிக்கலில், வறட்சி வந்தபோது கெட்டுப்போன தேக்கங்கள் அந்தச் சுமையை மேலும் கூட்டியிருக்கும்.