முந்தைய இரவு வந்த அழைப்பு: விருந்தாளியா, மாற்று ஆளா?

பிழைதிருத்தி கேட்கிறார்:

ஓவிய வகுப்பில் எனக்குப் பக்கத்தில் அமரும் ஒருவருடைய 25ஆம் ஆண்டு மணநாள் விருந்துக்குப் போன வாரம் சென்றுவந்தேன். தோழி என்று சொல்ல முடியாது. தூரிகை இரவல் வாங்கிக்கொள்வோம், ஆசிரியர் சலித்துக்கொண்டால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம், அவ்வளவுதான். அவருடைய பிள்ளைகளின் பெயரே எனக்கு விருந்தில்தான் தெரிந்தது.

விருந்தைப் பற்றி வகுப்பில் வெகுநாளாகப் பேச்சு. "அழைப்பிதழ் எல்லாம் அனுப்பியாகிவிட்டது, அப்பாடா" என்று என் எதிரிலேயே சொன்னார். நல்லபடியாக நடக்கட்டும் என்றேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை; அழைப்பை எதிர்பார்க்கவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதில் எழுதுபவர்களில் பாதிப் பேர் இதைத்தான் பிடித்துக்கொள்வீர்கள்.

விருந்துக்கு முந்தைய இரவு தொலைபேசியில் அழைத்தார். "நாளை மாலை கட்டாயம் வர வேண்டும். உங்கள் அழைப்பிதழ் எப்படியோ விட்டுப்போய்விட்டது, தவறாக நினைக்காதீர்கள்" என்றார். குரலில் அவ்வளவு அன்பு. வருகிறேன் என்றேன்.

மேசையில் ஒவ்வொருவர் இடத்திலும் பெயர் அட்டை வைத்திருந்தார்கள். நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். எழுத்துருவைக் கவனிக்காமல் எனக்கு எதையும் படிக்கத் தெரியாது. மற்ற அட்டைகள் எல்லாம் அச்சு. என்னுடையது பேனாவில் எழுதியது. அதுவும் சாதாரணமாக எழுதவில்லை, அச்செழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தார்கள். தாளின் தடிமனும் சற்றுக் குறைவு. என் மேசையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் ஒரே அலுவலகத்துக்காரர்கள். ஒருவர், "அவருக்குக் காய்ச்சலாமே, வர முடியவில்லையாம். நீங்கள் அவர் தங்கையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அத்துடன் என்னிடம் பேசுவதற்கு அவருக்கு வேறு செய்தி இல்லாமல் போய்விட்டது. பிறகு நான் பார்த்தேயிராத ஒரு மேலாளரின் கஞ்சத்தனத்தைப் பற்றிய கதைகள். எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன்.

சாப்பாடு, இசை எதிலும் குறையில்லை. அந்த அம்மாளும் என் மேசைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் வராவிட்டால் எனக்குக் குறையாகவே இருந்திருக்கும்" என்றார். எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருக்கும், உண்மைதான்.

அடுத்த வகுப்பில் புகைப்படங்களைக் கொண்டுவந்து காட்டப்போகிறார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? இதை அவமதிப்பு என்று நினைப்பது என் சிறுமையா? இந்த நிலையில் இருந்தவர்கள், அல்லது இன்னொருவரை இந்த நிலையில் வைத்தவர்கள், சொல்லுங்கள்.

நேர்வழி:

உங்கள் சிறுமை அல்ல. இனி வகுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். முந்தைய இரவு அழைப்பவருக்கு "நாளை எனக்கு வேலை இருக்கிறது" என்பதே பதில். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

பரிமாறும் பக்கம்:

நான் விருந்து ஏற்பாடு செய்யும் தொழிலில் இருக்கிறேன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

சாப்பாட்டுக்கு இத்தனை பேர் என்ற உறுதி எண்ணிக்கையை விருந்துக்குச் சில நாள் முன்பே வாங்கிவிடுவோம். அதற்குப் பிறகு ஆள் கூடினால் சமாளித்துவிடலாம். குறைந்தால் பெரும்பாலும் பணம் குறையாது. பொருள் வாங்கியாகிவிட்டது, ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது, யார் திருப்பித் தருவார்கள்? ஆக, கடைசி நாளில் ஒருவர் வரவில்லை என்றால் விருந்து கொடுப்பவர் அந்த ஆளின் சாப்பாட்டுக்கும் பணம் கட்டத்தான் போகிறார். அப்போது அவர் முன்னால் இரண்டு வழிகள்: நாற்காலியை எடுத்துவிடச் சொல்வது, அல்லது யாரையாவது அழைப்பது. நாற்காலியை எடுப்பது எங்களுக்குச் சின்ன வேலை. மற்ற நாற்காலிகளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் ஒரு ஆள் குறைந்தது யார் கண்ணிலும் படாது. பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

அவர் அதைச் செய்யாமல் தொலைபேசியை எடுத்திருக்கிறார். உங்களைப் போல இன்னும் பலரை அவருக்குத் தெரிந்திருக்கும். அழைக்க ஆசைப்பட்டு, இடம் போதாமல் விட்டவர்களின் பட்டியல் ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. அதில் உங்கள் பெயர் மேலே இருந்திருக்கலாம்.

அந்த அட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விருந்துக்கு முந்தைய இரவு விருந்து கொடுப்பவர்கள் எந்த நிலையில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மேசை வரைபடம் மாறிக்கொண்டே இருக்கும், பூக்காரர் எடுக்க மாட்டார், யாரோ ஒரு சித்தப்பா கோபித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் உட்கார்ந்து ஓர் அட்டையை எழுத்தெழுத்தாக வரைந்திருக்கிறார்கள். அது உங்களைக் கீழே வைப்பவர் செய்யும் வேலையா?

மரப்பூனை:

இந்தப் பதவி பழமையானது, அம்மா. லண்டன் சவாய் ஹோட்டலில் 1898இல் உல்ஃப் ஜோயல் என்ற வைரச் செல்வந்தர் 14 பேருக்கு விருந்து வைத்தார். ஒருவர் வரவில்லை, 13 பேர் ஆகிவிட்டது; அந்த எண் ஆகாது என்பது அங்கே நம்பிக்கை. முதலில் எழுந்திருப்பவர் சாவார் என்று யாரோ சொல்ல, ஜோயல் சிரித்துக்கொண்டே முதலில் எழுந்தார். சில வாரங்களில் ஜோகன்னஸ்பர்க்கில் சுடப்பட்டு இறந்தார். அதன்பின் 13 பேர் விருந்து என்றால் ஹோட்டல் ஊழியர் ஒருவரையே பதினான்காவது ஆளாக உட்காரவைத்தார்கள். முன்பின் தெரியாத ஆள் பக்கத்தில் இருந்தால் சொந்தக் கதை பேச முடியுமா? விருந்தாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1927இல் பேசில் அயனைட்ஸ் என்ற வடிவமைப்பாளர் மரத்தில் ஒரு கறுப்புப் பூனை செய்து கொடுத்தார். பெயர் காஸ்பர். கழுத்தில் துண்டு கட்டி, ஒவ்வொரு வகை உணவையும் அதற்கும் பரிமாறுவார்கள்.

அந்தப் பூனையிடம் யாரும் "அவர் தங்கையா" என்று கேட்பதில்லை. உங்களுக்குத்தான் கஷ்டம் அதிகம்.

எண்ணிப்பார்:

நேர்வழி சொன்னதற்கு ஒரு சேர்க்கை. அழைப்பை மறுத்தால் அழைத்தவர் எவ்வளவு வருந்துவார் என்பதை நாம் மிகையாகவே கணக்கிடுகிறோம் என்று ஜூலியன் கிவி, கொலீன் கிர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. மறுக்கப்பட்டவர்கள் நாம் பயப்படும் அளவுக்கு மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. எனவே வர முடியாது என்று சொல்லியிருந்தாலும் வகுப்பில் தூரிகை இரவல் கிடைத்திருக்கும்.

பிழைதிருத்தி:

எல்லோருக்கும் நன்றி. பூனைக் கதைக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

பரிமாறும் பக்கம் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாற்காலியை எடுத்துவிடலாம் என்பது எனக்குத் தெரியாத செய்தி. அது ஓரளவு ஆறுதல்தான். அட்டை விஷயத்தில் மட்டும் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை. அக்கறையோடு வரைந்தார்கள் என்கிறீர்கள். நான் கண்டுபிடித்துவிடக் கூடாது என்ற அக்கறையாகவும் இருக்கலாமே? "ஒருவர் வரவில்லை, ஓர் இடம் இருக்கிறது, உங்களை நினைத்தேன், வருவீர்களா?" என்று கேட்டிருந்தால் துள்ளிக்கொண்டு போயிருப்பேன். காய்ச்சல்காரரின் இடம் என்று தெரிந்திருந்தால், "தங்கையா" என்ற கேள்விக்கும் நன்றாகப் பதில் சொல்லியிருப்பேன். தாமதம் எனக்குப் பெரிதில்லை. அழைப்பிதழ் விட்டுப்போனது என்ற அந்த ஒரு வரிதான் குத்துகிறது. அச்சான பக்கத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்வேன், பிழைமேல் காகிதம் ஒட்டி மறைத்திருந்தால் எரிச்சல் வரும்.

பரிமாறும் பக்கம்:

அது சரி. அந்த வரியை நான் தப்பென்றே சொல்வேன். ஆனால் அவர் பக்கமும் பாருங்கள்: "இடம் காலியானது" என்று உண்மையைச் சொன்னதற்குச் சண்டையான குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர், "அப்படியென்றால் நான் மிச்சமா?" என்று கேட்டுவிட்டு வராமலே இருந்தார். எல்லோரும் உங்களைப் போல இல்லை. யாரிடம் எதைச் சொல்லலாம் என்று தெரியும் அளவுக்கு அவருக்கு உங்களைப் பழக்கமில்லை.

பிழைதிருத்தி:

கடைசி வாக்கியத்தை மறுக்க முடியவில்லை. தூரிகை இரவல் அளவுக்குத்தான் பழக்கம்.

புகைப்படங்களை நிதானமாகப் பார்க்கப்போகிறேன், கேட்கும் கேள்விகளையும் கேட்கப்போகிறேன். அழைப்பிதழ் பேச்சை அவர் எடுத்தால் மட்டும், "அடுத்த முறை இடம் காலியானால் அப்படியே சொல்லுங்கள், நான் வருவேன்" என்று சொல்வதாக இருக்கிறேன். எடுக்காவிட்டால் நானும் எடுக்க மாட்டேன்.

நேர்வழி:

எடுக்க மாட்டார்.