கலைச்சொல்: கட்டுரையில் ஜாவரின் பழைய துத்தநாக உலைக்கு ‘குழிவாலை’ (வாலை: வடிகலன்) பொருந்துமா?

> ‘காய்ச்சி வடிகலன்’ என்று இருக்கிறதே, போதாதா?

போதாது ஐயா. காய்ச்சி வடித்தால் ஆவி மேலே ஏறிக் குளிரும். உதயப்பூருக்குத் தெற்கே ஜாவரில் ஆவியைக் கீழே இறக்கினார்கள். துத்தநாகத்தின் ஆக்சைடைக் கரியால் ஒடுக்கி உலோகமாக்க 1000 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். உலோகமோ 907-லேயே ஆவியாகிவிடும். அந்த ஆவியில் காற்றுப் பட்டால் திரும்பவும் ஆக்சைடாகி வெள்ளைப் பொடிதான்.

அதனால் வறுத்த தாது, டோலமைட், கரி, உப்பு எல்லாவற்றையும் உருண்டை பிடித்துக் கத்தரிக்காய் வடிவ மண்கலத்தில் அடைத்தார்கள். வாயில் மண்குழாய் பொருத்தி, நடுவே ஒரு குச்சி. கலத்தைக் கவிழ்க்கும்போது உருண்டைகள் கொட்டாமல் குச்சி தாங்கும். பிறகு கருகி ஆவிக்கு வழி விடும். துளைத்தட்டின் மேல் 36 கலங்கள், மேலறையில் தீ, குழாய்கள் கீழறையில்.

சித்த மருத்துவத்தில் குழித்தைலம் (மேலே பானையைச் சுட, கீழே குழியிலுள்ள கலத்தில் சொட்டும் எண்ணெய்) இறக்குவதும் இந்த முறைதானே? ‘குழிவாலை’ என்கிறேன்.

---

> ‘குழிவாலை’ என்கிறேன்.

சுரங்கக் கட்டுரையில் ‘குழி’ என்றால் வெட்டுக்குழி என்றே படிப்பார்கள். தவிர, குழித்தைலம் தானாகச் சொட்டும். இங்கே கீழறையின் சூட்டில்தான் எல்லாம் இருக்கிறது: 907-க்குக் கீழே, உருகுநிலையான 420-க்கு மேலே. கூடினால் ஆவி தப்பிவிடும். குறைந்தால் துளி சேராமல் தூளாகிக் குழாயை அடைக்கும்.

‘இறக்குவாலை’ எப்படி?

---

வாலையில் எதை வடித்தாலும் ‘இறக்குவது’ என்றுதானே சித்தர் வழக்கு? திசை அதில் தெரியாது. ‘கீழ்வாலை’ எனச் சுருக்கினால், தேடுவோருக்கு விழுப்புரம் பக்கத்துப் பாறை ஓவியங்கள்தான் கிடைக்கும்! ‘கீழிறக்கு வாலை’ என்றே வைப்போம். கலத்துக்குக் ‘கத்தரிமூசை’ (மூசை: உலோகத்தைச் சுடும் மண்கலம்); வடமொழி இரசவாத நூலான இரசரத்ன சமுச்சயமும் ‘விருந்தாக மூஷா’ என்கிறது, விருந்தாகம் கத்தரிதான். ஒருமுறை சுட்ட மூசை மறுமுறைக்கு உதவாது. ஜாவரில் அவற்றை அடுக்கியே சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

இன்னொன்று. கட்டுரையில் வெறும் ‘நாகம்’ வேண்டாம். சித்த மருத்துவத்தில் அது துத்தநாகம், வடமொழி இரச நூல்களில் ஈயம். ஜாவர் தாதுவில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. ஈயம் 327-ல் உருகும், ஆவியாக 1749 வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் மூசையிலேயே தங்கிவிடும். பெயர் மாறினால் குழாயில் வந்தது எது, மூசையில் நின்றது எது என்பதே தலைகீழாகிவிடும்.