2 வாட் மோர்ஸ் டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்கக் குறைந்த செலவில் எதைச் செய்துகொள்வது?

கேள்வி: செந்தூல் புதியவன்

அனைவருக்கும் வணக்கம். 7.030 மெகாஹெர்ட்சில் இயங்கும் ஒரு மோர்ஸ் டிரான்ஸ்மிட்டர் கிட்டைச் சென்ற மாதம் சால்டர் செய்து முடித்தேன். 12 வோல்ட் கொடுத்தால் 2 வாட் வரும் என்று அதனுடன் வந்த தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். அது உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்க எனக்கு வழி இல்லை. நண்பரிடம் இரவல் வாங்கிய வாட் மீட்டர் 200 வாட் வரை அளப்பது. நான் கீயை அழுத்தினால் அதன் முள் அசைந்ததா இல்லையா என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கிறது.

ஆன்டெனாவுக்குப் பதிலாக வெள்ளைச் செங்கல் போலிருக்கும் 47 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இணைத்து, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்த்தேன். ஒருமுறை 0.8 என்றது, மறுமுறை 3 என்றது. அதற்குள் இறுதி டிரான்சிஸ்டர் ஒன்று சூடேறிக் கருகிவிட்டது. ஆஸிலோஸ்கோப் வாங்கும் நிலையில் நான் இல்லை. கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும் உதிரிகளை வைத்து முதலில் எதைச் செய்வது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பூச்சோங் மூத்தவர்

தம்பி, அந்த வெள்ளை ரெசிஸ்டரை முதலில் எடுத்து வையுங்கள். அதற்குள் இருப்பது சுற்றிய கம்பி. நேர் மின்சாரத்துக்கு அது ரெசிஸ்டர், உங்கள் அலைவரிசைக்கோ அது ஒரு காயில். 2 மைக்ரோஹென்றி இருந்தாலே 7 மெகாஹெர்ட்சில் 88 ஓம் எதிர்ப்பைக் கூடுதலாகக் காட்டிவிடும். டிரான்சிஸ்டர் கருகியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மல்டிமீட்டரின் ஏசி அளவையும் நம்ப வேண்டாம். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்சுக்காகச் செய்யப்பட்ட மலிவு மீட்டர், நொடிக்கு எழுபது லட்சம் முறை மாறும் அலையை எப்படி அளக்கும்?

முதலில் செய்ய வேண்டியது டம்மி லோடு, அதாவது ஆன்டெனாவின் இடத்தில் இருந்து சக்தியை வாங்கி வெப்பமாக்கிவிடும் 50 ஓம் சுமை. 1 கிலோஓம், 1 வாட் கார்பன் பிலிம் அல்லது மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர்கள் இருபதைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 50 ஓம் கிடைக்கும்; கணக்குப்படி 20 வாட் தாங்கும். இரண்டு செம்புப் பலகைத் துண்டுகளுக்கு நடுவே அவற்றை நிற்க வைத்து, கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டிச் சால்டர் செய்யுங்கள். அந்தக் காலத்தில் ஹீத்கிட் நிறுவனத்தார் கேன்டென்னா என்ற பெயரில் எண்ணெய் நிரப்பிய தகர டம்மி லோடு விற்றார்கள்; அது கிலோவாட் கணக்குக்கு உரியது. அதைப் பார்த்து நான் ஒருமுறை மைலோ டின்னில் சமையல் எண்ணெயை ஊற்றிச் செய்து, ஆறு மாதத்தில் சிக்கு நாற்றம் பிடித்துத் தூக்கி எறிந்தேன். உங்கள் 2 வாட்டுக்கு எண்ணெயே வேண்டாம், வெறும் டின் போதும்.

பதில் 2: பாயான் லெப்பாஸ்

ஐயா சொன்ன லோடுடன் ஒரு டையோடையும் 0.01 மைக்ரோபேரட் கெப்பாசிட்டரையும் சேர்த்தால் அதுவே வாட் மீட்டராகிவிடும். டையோடு அலையின் உச்சத்தைப் பிடித்துக் கெப்பாசிட்டரில் தேக்கும்; அதை மல்டிமீட்டரின் டிசி அளவில் படிக்கலாம். படித்த வோல்ட்டுடன் டையோடில் இழந்ததைக் கூட்டி, வர்க்கப்படுத்தி, 100 ஆல் (50 ஓமின் இரு மடங்கு) வகுத்தால் வாட் வந்துவிடும்.

பலர் அந்த இழப்பைக் கூட்ட மறந்துவிடுகிறார்கள். சிலிக்கான் டையோடில் இழப்பு 0.4 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 5 வாட்டில் உச்சம் 22.4 வோல்ட், இழப்பைக் கூட்டாவிட்டால் 4.8 வாட் என்று காட்டும், அது பெரிய குற்றமில்லை. 100 மில்லிவாட்டில் உச்சம் 3.16 வோல்ட்தான், அங்கே அதே 0.4 வோல்ட் போனால் விடை 76 மில்லிவாட்டாகச் சுருங்கிவிடும். சக்தி குறையக் குறைய மீட்டர் கூடுதலாகப் பொய் சொல்கிறது, நமக்கோ குறைந்த சக்திதான் பிழைப்பு. உங்கள் டையோடின் இழப்பைத் தோராயமாக அறிய, ஒரு 9 வோல்ட் பேட்டரியின் அளவை நேரடியாகவும் டையோடு வழியாகவும் அதே மல்டிமீட்டரில் படித்துப் பாருங்கள்.

டையோடைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். கெப்பாசிட்டர் உச்சத்தில் நிற்க, அலை எதிர்த்திசைக்குப் போகும்போது டையோடின் மீது உச்சத்தைப் போல் இரு மடங்கு, அதாவது 5 வாட்டில் ஏறக்குறைய 45 வோல்ட் விழுகிறது. 30 வோல்ட் மட்டுமே தாங்கும் பிஏடி85 டையோடு அங்கே கெட்டுப்போய்விடும். 70 வோல்ட் தாங்கும் 1என்5711 நல்லது. கிடைக்காவிட்டால் 1என்4148 போதும். அளப்பதை லோ-பாஸ் பில்டருக்கு (உயர் அலைவரிசைகளைத் தடுக்கும் வடிகட்டி) பிறகே செய்யுங்கள், ஏனென்றால் ஹார்மோனிக் (அலைவரிசையின் மடங்குகளில் எழும் தேவையற்ற அலைகள்) கலந்த அலையின் உச்சம் தவறான கணக்கைத் தரும்.

பதில் 3: செலாயாங்

இவ்வளவு மெனக்கெடுவதற்கு ஒரு நானோவிஎன்ஏ (ஆன்டெனாவைச் சோதிக்கும் கையடக்கக் கருவி) வாங்கிவிடலாமே என்பது என் கருத்து. ஆன்டெனா எங்கே ஒத்திசைகிறது என்பதை அது படமாகவே காட்டிவிடும்.

பதில் 4: பூச்சோங் மூத்தவர்

வாங்கலாம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது டிரான்ஸ்மிட்டரின் சக்தியை அளக்கும் கருவி அன்று; மறதியாக அதன் வாயில் 2 வாட்டைச் செலுத்தினால் அன்றோடு அதன் கதை முடிந்தது. ஆன்டெனாவுக்கு ஏதாவது செய்வதென்றால், மூன்று 50 ஓம் ரெசிஸ்டர்களால் ஆன பிரிட்ஜை, அதாவது ஆன்டெனாவின் பொருத்தத்தை ஒப்பிட்டுக் காட்டும் நான்கு கைச் சுற்றைச் செய்யச் சொல்வேன். நான்காவது கை ஆன்டெனா. பொருத்தம் கூடக்கூட நடுவிலுள்ள எல்இடி மங்கிக்கொண்டே வரும். ஆன்டெனா கம்பி அறுந்தே போனாலும் டிரான்ஸ்மிட்டருக்கு 100 ஓம் தெரியும், ஷார்ட் ஆனால் 33 ஓம் தெரியும், ஆகவே எஸ்டபிள்யுஆர் (பொருத்தமின்மையின் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 2 ஐத் தாண்டாது. இன்னொரு டிரான்சிஸ்டரை இழக்க விரும்பாதவருக்கு இதைவிடக் காவல் கிடையாது. பொருத்தம் சரியாக இருக்கும்போதும் சக்தியில் கால் பங்குதான் ஆன்டெனாவுக்குப் போகும், எனவே ட்யூன் செய்தபின் சுவிட்சு போட்டு அதை விலக்கிவிட வேண்டும்.

கேட்டவர்: செந்தூல் புதியவன்

நன்றி ஐயா, நன்றி நண்பர்களே. சனிக்கிழமை ஜாலான் பாசாருக்குப் போய் ரெசிஸ்டர்களை வாங்கி வந்தேன். 1என்5711 கிடைக்கவில்லை, 1என்4148 போட்டேன். பேட்டரி சோதனையில் இழப்பு 0.4 வந்தது. புதிய டிரான்சிஸ்டருடன் கீயை அழுத்தினால் 12.8 வோல்ட். கூட்டிக் கணக்கிட்டால் 1.74 வாட்.

தாளில் சொன்ன 2 வாட் ஏன் வரவில்லை என்று ஒரு மாலை முழுவதும் பில்டர் காயில்களை அழுத்தியும் விரித்தும் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. பிறகுதான் கீயை அழுத்தியபடியே போர்டுக்கு வரும் வோல்ட்டை அளந்தேன்: 11.2 வோல்ட். 12 க்கும் 11.2 க்கும் உள்ள விகிதத்தை வர்க்கப்படுத்தினால் 2 வாட் சரியாக 1.74 ஆகிறது. பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வருவது பழைய மணியடிக்கும் ஒயர், மயிரிழைத் தடிமன். தடித்த ஒயர் வாங்க மறுபடியும் ஜாலான் பாசாருக்குப் போக வேண்டும். அப்படியே பிரிட்ஜுக்கான 50 ஓம் ரெசிஸ்டர்களையும் தேடிப் பார்க்கிறேன்.