மாடலில் பொருந்தியது, சைட்டில் பொருந்தவில்லை: பிம் ஒப்பந்தங்களில் பட்ட அனுபவங்கள்

பிம் ஒருங்கிணைப்பாளர், சென்னை

வளைகுடா நாடு ஒன்றின் மருத்துவமனைக்குச் சென்னையில் இருந்தபடியே ரெவிட் என்ற மென்பொருளில் பிம் (BIM) மாடல், அதாவது கட்டடத்தின் பாகங்களைத் தகவல்களோடு காட்டும் முப்பரிமாண டிஜிட்டல் மாதிரி, செய்துகொடுத்த குழுவில் நான் பணியாற்றினேன். நான்காம் தள நடைக்கூடத்தில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருந்த 450 மில்லிமீட்டர் இடைவெளியில் ஏசி டக்ட், ஸ்ப்ரிங்ளர் குழாய், கேபிள் ட்ரே மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் அமைந்திருந்தன. பாகங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று காட்டும் கிளாஷ் அறிக்கையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ட்ரேயை முதலில் மாட்டிவிட்டால் பிறகு டக்டை மேலே ஏற்ற வழியே இல்லை என்பதை நாங்கள் எங்கும் எழுதவில்லை. சைட்டில் மின்பணிக் குழுவினர் முந்திக்கொண்டார்கள். ஏறத்தாழ 60 மீட்டர் ட்ரேயைக் கழற்ற வேண்டியதாயிற்று.

அதன் செலவு யாருடையது என்ற கேள்விக்கு ஒப்பந்தத்திலேயே இரண்டு பதில்கள் இருந்தன. பொது நிபந்தனைகள் மாடலைத் 'தகவலுக்காக மட்டும்' என்றன. பிற்சேர்க்கையோ, மாடலைப் பின்பற்றியே ஷாப் டிராயிங் (சைட்டில் வேலை செய்வதற்கான விரிவான வரைபடம்) தயாரிக்க வேண்டும் என்றது. இரண்டில் எது மேலோங்கும் என்று ஒரு வரிகூட இல்லை. முடிவில் எங்கள் இறுதித் தவணை ஏழு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஒப்பந்த மேலாளர், சிங்கப்பூர்

மேலே நண்பர் சொன்ன அந்த ஒரு வரிதான் முக்கியம். பிரிட்டனில் 2013இல் வெளியான கட்டுமானத் தொழில் மன்றத்தின் பிம் நெறிமுறை, முரண்பாடு எழுந்தால் நெறிமுறையே மேலோங்கும் என்று வெளிப்படையாகச் சொன்னது. அதைப் படிக்காமல் ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தைத்துவிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன், அதுவும் ஆபத்தே.

நான் பட்டது வேறு. கட்டணத் தகராறு முற்றிய ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வடிவமைப்பாளர் எங்கள் லாகின்களை முடக்கிவிட்டார். மாடல் அவருடைய சர்வரில் இருந்தது; திங்களன்று கான்கிரீட் போட வேண்டியிருந்தது. அச்சிட்டிருந்த பழைய திருத்த வரைபடத்தை நம்பிப் போட எனக்கு மனம் வரவில்லை, பணியை நிறுத்தினேன்.

இதே சிக்கல்தான் ஃபாக்லாந்து தீவுகளின் மின்நிலையத் திட்டத்தில் 2017இல் லண்டன் நீதிமன்றம் வரை சென்றது (ஒப்பந்ததாரர் ட்ரான்ட் எதிர் வடிவமைப்பாளர் மாட் மெக்டொனால்ட்). ட்ரான்ட் 4,75,000 பவுண்டை நீதிமன்றத்தில் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு, தரவுத்தள அனுமதியைத் திருப்பித் தர இடைக்கால உத்தரவு கிடைத்தது. அவ்வளவு பெரிய தொகையைக் கட்டிவைக்க எத்தனை ஒப்பந்ததாரர்களால் முடியும்? அதனால்தான் இப்போது, சர்வர் யாருடையதாக இருந்தாலும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூலக்கோப்புகளின் பிரதி கட்டட உரிமையாளரிடம் சேர வேண்டும் என்ற விதி இல்லாத ஒப்பந்தத்தை நான் கையெழுத்துக்கு அனுப்புவதில்லை.

கட்டுமான வழக்கறிஞர், மதுரை

இந்தியத் திட்டங்களுக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். கட்டுமானம் தொடங்கிய பின் பதிப்புரிமையைக் காட்டி அதைத் தடுக்கும் உத்தரவைப் பெற முடியாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது கட்டடத்தைப் பற்றிய பிரிவு. அதே மாடலைப் பின்னர் பராமரிப்புக்கோ விரிவாக்கத்துக்கோ பயன்படுத்தும் உரிமையை ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்குங்கள்.